பழைய விண்மீன்கள் இருக்கும் பக்கம்தான் அறிவுள்ள உயிர் இருக்குமா?

கேள்வி: பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். ஜூலையில் பிள்ளைகளுக்கு இரவு வானம் காட்டப் போகிறோம். "பால்வீதியின் நடுவில்தானே பழைய விண்மீன்கள்? அப்போ நம்மைவிட முன்னேறியவர்களும் அங்கேதானே இருக்கணும்?" என்று தரம் 10 மாணவி ஒருத்தி கேட்கிறாள். என்ன சொல்வது? எந்தப் பக்கம் காட்டுவது?

பதில்: கெட்டிக்காரப் பிள்ளை. கேள்வியின் முதல் பாதி சரி. நடுப்பகுதி விண்மீன்களில் பெரும்பாலானவை 1,000 கோடி ஆண்டளவு வயதானவை. சூரியனுக்கு 460 கோடிதான். கோள்கள் உருவாகத் தேவையான இரும்பு, சிலிக்கன், ஒட்சிசன் எல்லாம் அங்கே தாராளம். குறை நெரிசலில் இருக்கிறது. ஒரு விண்மீன் இன்னொன்றின் அருகே அடிக்கடி கடந்து போகும். பக்கத்தில் சுப்பர்நோவா (ஒரு விண்மீனே வெடித்துச் சிதறுவது) வெடித்தால் கோளின் ஓசோன் படலம் போய்விடும். பூமியில் முதல் நுண்ணுயிரிலிருந்து மனிதர் வரை வர 350 கோடி ஆண்டுக்கு மேல் எடுத்தது. அவ்வளவு நீண்ட அமைதி அங்கே கிடைப்பது கஷ்டம்.

அதைவிட மூத்தவை கோளக் கொத்துகள், அதாவது பந்துபோலத் திரண்ட விண்மீன் கூட்டங்கள். வெறுங்கண்ணுக்கே மங்கலான புள்ளியாகத் தெரியும் ஒமேகா சென்டோரியில் ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள். வயது 1,200 கோடி ஆண்டளவு. அவை பிறந்த காலத்தில் வாயுவில் ஐதரசனும் ஈலியமும் தவிர மற்ற மூலகங்கள் சொற்பம். 2000ஆம் ஆண்டு ஹபிள் தொலைநோக்கியால் 47 டுக்கானே என்ற கொத்தில் சுமார் 34,000 விண்மீன்களை ஆராய்ந்தார்கள். விண்மீனை ஒட்டிச் சுற்றும் பெரிய கோள் ஒன்றுகூட அகப்படவில்லை. 1974இல் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து வேற்றுலகத்தாருக்கு வானொலிச் செய்தி அனுப்பியதும் இப்படியொரு கொத்துக்குத்தான். என்னைக் கேட்டால், அது நல்ல விளம்பரம், மோசமான விலாசம்.

அதற்காகப் பழைய விண்மீன்களை அடியோடு தள்ளிவிடவும் முடியாது. 1,100 கோடி ஆண்டு வயதான கெப்லர்-444 என்ற விண்மீனை ஐந்து சிறிய கோள்கள் சுற்றுகின்றன.

சரி, நடுவும் வேண்டாம், கொத்தும் வேண்டாம் என்றால்? 2004இல் வானியலாளர் லைன்வீவரும் சகாக்களும் இதைக் கணக்கிட்டார்கள். கனமான மூலகங்களும் அமைதியும் போதிய காலமும் சேர்ந்து அமைவது, நடுவிலிருந்து ஏறக்குறைய 23,000 முதல் 29,000 ஒளியாண்டு வரையான வளையத்தில் என்றார்கள். சூரியன் இருப்பது சுமார் 26,000இல், அதாவது வளையத்துக்குள்ளேயே. அங்குள்ள தகுந்த விண்மீன்களில் முக்கால்வாசி சூரியனைவிட மூத்தவை. சராசரியாக 100 கோடி ஆண்டு மூப்பு. மாணவிக்கு இதைத்தான் அழுத்திச் சொல்லுங்கள். 100 கோடி ஆண்டுக்கு முன் பூமியில் பாசியும் நுண்ணுயிரும்தான். நம்மைவிட அவ்வளவு காலம் முந்தியவர்கள் இருக்கக்கூடும் என்றால், அவர்களைத் தேட நடுப்பகுதிவரை போக வேண்டியதில்லை. இந்த வளையம் கல்லில் எழுதியதல்ல. 2011இல் வந்த இன்னொரு கணினி மாதிரி, சுப்பர்நோவா வெடிப்புகளையும் கணக்கில் எடுத்த பிறகும் உள்வட்டாரத்துக்கே கூடிய வாய்ப்புத் தந்தது. எனக்கு முதல் கணக்கில்தான் நம்பிக்கை அதிகம்.

ஆகவே முதலில் அல்பா சென்டோரி என்ற விண்மீன் தொகுதியைக் காட்டுங்கள். 4.4 ஒளியாண்டு தூரம்தான். அதன் இரண்டு பெரிய விண்மீன்களும் சூரியனைவிடக் கொஞ்சம் மூத்தவை என்பதே பெரும்பாலான கணிப்பு. கனமான மூலகங்களும் சூரியனைவிட அதிகம். ஜூலை நடுவில் இரவு எட்டு மணிக்குத் தெற்கே, சற்று மேற்குச் சாய்வாக, அடிவானிலிருந்து 20 பாகை உயரத்தில் நிற்கும். மலை மறைக்காத இடமாகப் பகலிலேயே பார்த்து வையுங்கள். அதற்கு வலப்பக்கம், கொஞ்சம் மேலே ஒமேகா சென்டோரி. பைனாகியுலரில் பஞ்சுப் பொட்டுப் போலத் தெரியும். பத்து மணிக்குப் பிறகு விருச்சிகத்தின் வாலுக்கு இடப்பக்கமாகச் சற்று மேலே பார்த்தால் பால்வீதியின் நடு.

அந்த மாதத்தில் ஹட்டன், நுவரெலியா பக்கம் மழையும் மூட்டமுமாக இருக்கும். ஊவாப் பக்கம் வானம் வெளிக்கும். நிலவில்லாத இரவாகத் தேதி வையுங்கள்.