நான்கு பகடை, மூன்று விடை

கேள்வி: நண்பர்களோடு மேஜையில் ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டத்துக்காகப் பகடை உருட்டும் சின்ன புரோகிராம் ஒன்று எழுதினேன். '4டி6, குறைந்ததை விடு' (ஆறு முகப் பகடை நான்கை உருட்டி, அதில் குறைந்த ஒன்றைக் கழிப்பது) என்பது வரை ஒழுங்காக ஓடியது. 6 விழுந்தால் இன்னொரு பகடை உருட்டிச் சேர்க்கும் 'வெடிக்கும் பகடை' விதியை நுழைத்ததும் தகராறு. புரோகிராம் ஒரு மொத்தம் சொல்கிறது, நண்பர்கள் வேறு மொத்தம் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். மூன்றாவதாக ஒருவர் வந்தால் அவர் சொல்வதும்தான். கிண்டல் இல்லை, கணக்கைப் பாருங்கள்.

விழுந்தது 6, 3, 5, 2 என்று வைத்துக்கொள்வோம். 6 வெடிக்கிறது, கூடுதல் பகடையில் 1. அந்த 1-ஐ 6-ஓடு ஒட்டி ஒரே பகடையாக எண்ணினால் கையில் இருப்பது 7, 3, 5, 2. குறைந்ததான 2-ஐ விட்டால் மொத்தம் 15. இல்லை, கூடுதல் பகடை தனிப் பகடைதான் என்றால் இப்போது மேஜையில் ஐந்து: 6, 1, 3, 5, 2. 'குறைந்த ஒன்றை விடு' என்றால் 1 போகும், மொத்தம் 16. 'பெரிய மூன்றை வை' என்றால் 6, 5, 3 மட்டும் நிற்கும், மொத்தம் 14.

நான்கே பகடை இருக்கும்வரை 'ஒன்றை விடு'வும் 'மூன்றை வை'யும் ஒன்றுதான். அந்தத் தைரியத்தில் இரண்டுக்கும் ஒரே ஃபங்ஷனை எழுதி வைத்துவிடுகிறோம். ஐந்தாவது பகடை வந்ததும் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. ஆகவே முதலில் நீங்கள் ஆடும் ஆட்டத்தின் விதிப்புத்தகத்தைத் திறந்து, கூடுதல் பகடை ஒட்டா தனியா என்று பாருங்கள். கோட் அப்புறம்.

கோட் பக்கம் வந்தால், நானும் இதே குழியில் விழுந்தவன்தான். என் முதல் ரோலரில் ஒவ்வொரு பகடையும் வெறும் ஓர் எண். வெடித்தால் அதன் மேலேயே கூட்டிவிடுவேன். ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே திரையில் 9 என்று வந்தது. "ஆறு முகப் பகடையில் 9 எப்படி விழும்?" என்று கேட்டார் எதிரே இருந்தவர். பதில் என்னிடம் இல்லை, புரோகிராமிலும் இல்லை. கூட்டிய கையோடு பழைய எண்களைத் தூக்கி எறிந்திருந்தேன். இப்போது ஒவ்வொரு பகடைக்கும் ஒரு சின்னப் பதிவு வைக்கிறேன்: எத்தனை முகம், வரிசையாக என்னென்ன விழுந்தது, கணக்கில் சேர்ந்ததா, இல்லையென்றால் எந்த விதியால் கழிந்தது. விதிகள் இந்தப் பதிவைத் திருத்தலாம், எதையும் அழிக்கக் கூடாது. மறு உருட்டல் முதலில், வெடிப்பு அடுத்து, வைப்பதும் விடுவதும் அதற்கப்புறம், கூட்டல் கடைசியில். திரையில் '6+1, 3, 5, (2) = 15' என்று வந்தால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இன்னொன்று. விஷமக்காரர் ஒருவர் என் ரோலரில் '5டி1, வெடி' என்று தட்டினார். ஒரே முகம், எப்போது உருட்டினாலும் அதுவே உச்சம், லூப் நிற்கவே இல்லை, ஆட்டம் நின்றது. '1 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெடி' என்றாலும் இதே கதிதான். எல்லா முகமும் வெடிக்கும் விதியை உருட்டும் முன்பே மறுத்துவிடுங்கள். அதோடு ஒரு பகடைக்கு 100 வெடிப்பு என்று உச்சவரம்பும் போடுங்கள். நேர்மையான டி6 அந்த வரம்பைத் தொடப்போவதில்லை.

சோதிக்க ஓர் எளிய வழி: ஒட்டி எண்ணும் ஒற்றை டி6-இன் மொத்தம் 6 என்றோ 12 என்றோ வரவே முடியாது, ஏனென்றால் 6 விழுந்தால் குறைந்தது 1 கூடும். லட்சம் முறை உருட்டுங்கள். ஒரே ஒரு 6 வந்தாலும் பக் இருக்கிறது. சராசரி 4.2-ஐ ஒட்டி நிற்க வேண்டும்.

கேள்வி: 1, 2 விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்ற விதியை 'வைல்' லூப் போட்டு எழுதினேன். எதிரிக்கு விழும் சேதம் அதிகமாக வருவதாகச் சொல்கிறார்கள்.

பதில்: அதிகமாகத்தான் வரும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் ஆட்டத்தின் 2014 பதிப்பில் பெரிய ஆயுதச் சண்டைக்கான விதி, ஒரு முறைதான் மறுபடி உருட்டலாம், விழுந்தது மீண்டும் 1 ஆனாலும் அதுவே கணக்கு என்கிறது. உங்கள் லூப் 3 அல்லது அதற்கு மேல் வரும்வரை விடுவதில்லை. 2டி6-க்குச் சாதாரணச் சராசரி 7. ஒரு முறை மட்டும் என்றால் 8.33, உங்கள் முறையில் 9. 'வைல்' என்பதை 'இஃப்' ஆக்குங்கள், சரியாகிவிடும். 2024 பதிப்பில் மறு உருட்டலே கிடையாது. 1, 2 விழுந்தால் 3 என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான், சராசரி 8. எனவே எந்தப் பதிப்பு என்று கேட்கும் பொத்தானும் வேண்டும்.

கேள்வி: வெடிக்கும் டி4, டி6 இரண்டையும் ஓடவிட்டேன். மொத்தம் 6-க்குக் குறையாமல் எடுக்க வேண்டிய இடத்தில் சின்னப் பகடை அதிகம் ஜெயிக்கிறது. எங்கே தப்பு?

பதில்: தப்பே இல்லை. டி6-இல் 6 விழ வாய்ப்பு ஆறில் ஒன்று, 16.67 சதவீதம். டி4-இல் 4 விழுந்து வெடித்து, அடுத்ததில் 2-க்குக் குறையாமல் வர வேண்டும்: கால் பங்கில் முக்கால், 18.75 சதவீதம். வெடிக்கும் பகடையை வைத்தே ஆடும் சாவேஜ் வேர்ல்ட்ஸ் என்ற ரோல்பிளேயிங் ஆட்டத்தை ஆடுகிறவர்களுக்கு இந்த வேடிக்கை பழக்கம். இலக்கு 5 என்றால் டி6 மீண்டும் முந்திவிடும், 33.33-க்கு 25. உங்கள் கோடைத் தொடாதீர்கள்.