குளிர்காலத்தில் தாகமே எடுப்பதில்லை. தண்ணீர் குடித்தே ஆக வேண்டுமா?

கட்டாயம் குடிக்க வேண்டும். தாகம் எடுக்கவில்லை என்பதால் உடம்பில் தண்ணீர் போதுமான அளவு இருக்கிறது என்று அர்த்தமில்லை. குளிரில் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்தம் உடம்பின் உட்பகுதிக்கு ஒதுங்கும். அங்கே ரத்தம் கூடியதும், நீர் அதிகமாகிவிட்டதாக எடுத்துக்கொண்டு சிறுநீரகம் கூடுதலாக வெளியேற்றுகிறது. தாக உணர்வும் மங்கிவிடுகிறது. ஊட்டியில் ஜனவரி மாதக் காலையில் வாயிலிருந்து புகை போல வருகிறதே, அதுவும் உடம்பை விட்டுப் போகும் ஈரம்தான்.

எனக்கு அதிகக் கவலை வீட்டுப் பெரியவர்களைப் பற்றித்தான். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்திருக்க வேண்டுமே என்று மத்தியானத்தோடு தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். மலச்சிக்கல், தலைசுற்றல், நீர்க்கடுப்பு என்று வரிசையாக வரும். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல், பகலிலேயே வெதுவெதுப்பான சீரகத் தண்ணீரை டம்ளரில் ஊற்றிக் கையில் கொடுங்கள். ரசம், கஞ்சி, மோர் எல்லாமே கணக்கில் சேரும். அளவோடு குடித்தால் டீ, காபியும்கூட.

சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். அடர் மஞ்சளானால் இன்னும் குடியுங்கள். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.