பூ விரியும் நேரத்தில் நான் காசிமேட்டில்

கேள்வி: அக்கா, நான் மீன் வியாபாரம் செய்கிறேன். ராத்திரி 2 மணிக்கெல்லாம் காசிமேடு ஏலத்துக்குக் கிளம்பிவிடுவேன். சரக்கு எடுத்து, விற்று முடித்து வீடு திரும்ப காலை 9.30 ஆகிவிடும். தம்பி வாங்கிக் கொடுத்த அட்லாண்டிக் ஜெயன்ட் என்ற ராட்சதப் பரங்கி விதையை வீட்டுக்குப் பின்னால் போட்டேன். கொடி நன்றாகப் படர்ந்திருக்கிறது. ஆனால் இதுவரை வந்த 5 பெண் பூவும் பிஞ்சிலேயே மஞ்சளாகி விழுந்துவிட்டன. கையால் மகரந்தம் தடவலாம் என்றால், நான் வருவதற்குள் பூ வாடி மூடிவிடுகிறது. ஒரு லீவு நாளில் பக்கத்து வீட்டுப் பரங்கியின் ஆண் பூவைப் பறித்துத் தடவியும் பிடிக்கவில்லை. எட்டாவது படிக்கும் பையன் தான் செய்வதாகச் சொல்கிறான். பூவைப் பிய்த்துவிடுவானோ என்று பயம். மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில்தான் இருப்பேன். அதுவரை விட்டுவிட்டு அப்போது பார்த்துக்கொள்ளலாமா?
- ஒரு வாசகி, புதுவண்ணாரப்பேட்டை

பதில்: தடைக்காலம் வரை காத்திருக்காதீர்கள் சகோதரி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் உங்களுக்கு ஓய்வு, ஆனால் கொடிக்கு அதுதான் மிகக் கஷ்டமான காலம். பகல் வெயிலோடு ராத்திரிப் புழுக்கமும் சேர்ந்தால் பரங்கி ஆண் பூவாகவே பூத்துத் தள்ளும். தப்பி வரும் பெண் மொட்டும் விரியாமலே கருகும். இப்போது மாசி. இன்னும் காலம் இருக்கிறது.

நேரத்தைப் பொறுத்தவரை, நீங்கள் நினைப்பதைவிட உங்களுக்கு அதிக அவகாசம் இருக்கிறது. நம் ஊர்ப் பருவத்தில் பரங்கிப் பூ விடியற்காலை சுமார் 3.30 முதல் 6 மணிக்குள் விரிகிறது. ஆண் பூவின் மகரந்தப் பை அதற்கும் முன்னால், ராத்திரி 9 மணியிலிருந்து 3 மணிக்குள் வெடித்துவிடும். அந்த மகரந்தம் 16 மணி நேரம் போல உயிரோடு இருக்கும். பெண் பூவின் நடுவில் மகரந்தம் ஒட்டும் பகுதியான சூல்முடி, பூ விரிவதற்கு 2 மணி நேரம் முன்பிருந்து, விரிந்த பின் 10 மணி நேரம் வரை மகரந்தத்தை ஏற்கும். 9.30 மணி இந்தக் கணக்குக்குள்தான் வருகிறது! பூவை உங்களுக்கு முன்னால் முடித்துவிடுவது வெயில். அந்த வெயிலை மறைக்கும் வேலையை முந்தின நாள் சாயங்காலமே செய்துவிட வேண்டும்.

தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் கொடியை ஒரு சுற்றுப் பாருங்கள். அடியில் குட்டிப் பிஞ்சோடு இருப்பது பெண் மொட்டு, நீண்ட ஒல்லிக் காம்பில் நிற்பது ஆண் மொட்டு. மறுநாள் விரியப்போகும் மொட்டின் நுனியில் பச்சை போய் மஞ்சள் ஏறியிருக்கும். நாலைந்து நாள் பார்த்தால் கண்ணுக்குப் பழகிவிடும். அப்படி ஒரு பெண் மொட்டு கிடைத்தால் அதன் நுனியைப் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். இதழ் விரியாது, உள்ளே ஈரமும் காயாது. அதற்கு மேலே நாலு குச்சி நட்டு, பழைய சாக்கைப் பந்தல் போலப் போடுங்கள். சாக்கு பூவில் படக்கூடாது. பிளாஸ்டிக் கவர் மாட்டவே வேண்டாம், உள்ளே வெந்துவிடும். அன்றைக்கே மூன்று ஆண் மொட்டுகளை நீளக் காம்போடு வெட்டி, டம்ளரில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வையுங்கள். காம்பு மட்டும்தான் நனைய வேண்டும். மகரந்தத்தில் தண்ணீர் பட்டால் அது வெடித்து வீணாகும்.

வீட்டுக்கு வந்ததும் மீன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு நேராகக் கொடிக்குப் போங்கள். ஆண் பூவின் இதழ்களை உரித்தால் நடுவில் மஞ்சள் தூளோடு ஒரு தண்டு நிற்கும். பெண் பூவின் நூலை அவிழ்த்து, உள்ளே தெரியும் சூல்முடியின் ஒவ்வொரு மடலிலும் அதை மெதுவாகத் தேயுங்கள். நாலு மடலோ ஐந்து மடலோ, ஒன்றையும் விடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாகும், சில சமயம் நிற்காமலே போகும். மூன்று ஆண் பூவையும் பயன்படுத்திவிட்டு இதழ்களைச் சேர்த்து மறுபடி கட்டிவிடுங்கள். மொத்தமும் ஐந்து நிமிட வேலை.

இவ்வளவு சொன்ன பிறகும், என் மனசுக்கு உங்கள் பையன்தான் முதல் வழி. காலை 6.30க்குச் செய்தால் 9.30ஐவிட நிச்சயமாகப் பலன் கூடும். அவனாகவே செய்கிறேன் என்கிறானே! கொடியில் ஆண் பூ ஏராளமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நாலைந்தைப் பறித்து, இதழ் உரிக்கவும் தண்டு உடையாமல் பிடிக்கவும் அவனுக்குப் பழக்கிக் கொடுங்கள். ஒரு பெண் பூ போனாலும் போகட்டும், திட்டாதீர்கள். நான் சொன்ன நூலும் டம்ளரும் அவன் தூங்கிப்போகிற நாளுக்கு.

பக்கத்து வீட்டுப் பூ ஏன் பிடிக்கவில்லை என்பதற்கும் எனக்கு ஒரு யூகம் உண்டு. நம் நாட்டுப் பரங்கி பெரும்பாலும் மாஸ்கேட்டா இனம். உங்களுடையது கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஹோவர்ட் டில் உருவாக்கிய ரகம், அது மேக்ஸிமா இனம். இரண்டும் ஒன்றோடொன்று எளிதில் கருப்பிடிக்காது. அந்த வீட்டுக் காயின் காம்பைப் பாருங்கள்: ஐந்து முனையோடு, காயைத் தொடும் இடத்தில் விரிந்திருந்தால் மாஸ்கேட்டா. மேக்ஸிமாவின் காம்பு உருண்டையாக, தக்கை மாதிரி இருக்கும். எப்படியானாலும் உங்கள் கொடியின் ஆண் பூவையே எடுங்கள்.

மீன் கழுவிய தண்ணீரைக் கொடிக்கு ஊற்றினால் நிறுத்திவிடுங்கள். அதில் உப்பு அதிகம். கடலோரம் பல இடங்களில் நிலத்தடி நீரே உப்புதான். பூ பிடிக்கிற நாட்களில், மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்துச் செய்யும் மீன் அமில உரமும் வேண்டாம், இலைதான் கொழுக்கும்.

2023ல் கலிபோர்னியாவின் ஹாஃப் மூன் பே போட்டியில் ஜெயித்த பரங்கி 1,247 கிலோ. குளிர்ந்த ஊர்களின் கணக்கு அது, நம் வெயிலில் அதை எதிர்பார்க்காதீர்கள். ஒரு காய் பிடித்துவிட்டால் அதை மட்டும் கொடியில் விட்டு மற்ற பிஞ்சுகளைக் கிள்ளிவிடுங்கள். பிடித்தது நாளுக்கு நாள் பருக்கும். பிடிக்காதது ஒரு வாரத்துக்குள் மஞ்சளாகிச் சுருங்கும். சுருங்கினால் அடுத்த பெண் மொட்டுக்கு நூலை எடுத்து வையுங்கள். அடுத்த வருஷம் மார்கழியிலேயே விதையுங்கள், மாசியில் பூக்கும்.