டி செல்லின் தாமதம்

அன்புள்ள ஐயா,

போன மாதம் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். பாக்டீரியா தொற்று என்றார்கள். ஆன்டிபயாட்டிக் ஏற்றிய மூன்றாம் நாளே காய்ச்சல் இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால், ரத்த வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்கள் கிருமியை அடையாளம் கண்டு பெருகி வரவே ஒரு வாரம் ஆகும் என்று இருக்கிறது. அவ்வளவு மெதுவாக வருவது எதற்கு? என் உடம்பே என்னைக் கைவிட்டதுபோல இருக்கிறது. டி செல்களின் சக்தியைக் கூட்ட ஏதாவது வழி உண்டா?

க.

அன்புள்ள க.,

எழுந்து நடமாடுகிறீர்கள் என்பதில் சந்தோஷம். இன்னும் சில வாரம் களைப்பு இருக்கலாம், அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் உடம்பு கைவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அது அநியாயம். முதல் நாளிலிருந்தே உங்கள் நுரையீரலில் நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ் என்ற கிருமி விழுங்கும் வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கிக்கொண்டும் விழுங்கியே செத்துக்கொண்டும்தான் இருந்தன. ஆன்டிபயாட்டிக் வேலை செய்தது அவற்றோடு சேர்ந்துதான். சரி, அதை விடுங்கள். டி செல்லுக்கு வருவோம், கொஞ்ச நாளாக எனக்கும் அதே நினைப்பு.

ஒரு டி செல்லால் முழு பாக்டீரியாவைப் பார்க்கவே முடியாது. டெண்ட்ரிடிக் செல் என்ற காவல் செல் கிருமியை விழுங்கி, துண்டாக்கி, புரதத்துண்டு ஒன்றை எம்ஹெச்சி என்ற மூலக்கூறில் ஏந்திக்கொண்டு பக்கத்து நிணநீர் முடிச்சுக்குப் போய்க் காட்ட வேண்டும். நம் சொந்த எம்ஹெச்சியில் ஏந்திக் காட்டினால்தான் டி செல் ஏறெடுத்துப் பார்க்கும் என்று 1974-ல் ஜிங்கர்நாகல், டோஹர்ட்டி என்ற இரண்டு விஞ்ஞானிகள் காட்டினார்கள், அதற்காக 1996-ல் நோபல் பரிசும் வாங்கினார்கள். அந்தத் துண்டுக்குப் பொருந்தும் செல் லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான் இருக்கும். அது வந்து பொருந்தினாலும் போதாது, ஆபத்து உண்மைதான் என்று இரண்டாவது சமிக்ஞை ஒன்றும் வர வேண்டும், வராவிட்டால் அப்படியே செயலிழந்து போய்விடும். இவ்வளவும் தாண்டித்தான் அது பெருகத் தொடங்குகிறது. ஒரு வாரம் ஆகாமல் என்ன செய்யும்?

இந்தத் தடைகள் எல்லாம் குறை என்று நினைக்கிறீர்கள். 'சக்தியைக் கூட்டுவது' என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது, உங்கள் மேல் அல்ல, அப்படிச் சொல்லிச் சொல்லி விற்பவர்கள் மேல். அந்தத் தடைகளைத் தாண்டிக் குதிக்கும் பாக்டீரியா உண்டு, தெரியுமா? ஸ்டஃபைலோகாக்கஸின் ஒரு நச்சு, துண்டு பொருந்துகிறதா என்ற சோதனையே இல்லாமல் எம்ஹெச்சியையும் டி செல்லையும் நேராகப் பிணைத்துவிடும். உடம்பின் டி செல்களில் ஐந்தில் ஒரு பங்கு வரைக்கும் ஒரே நேரத்தில் கிளம்பும். ரத்த அழுத்தம் விழும், சிறுநீரகம் நிற்கும், ஆள் போய்விடலாம். நீங்கள் கேட்கும் கூடுதல் சக்தி அதுதான்.

என் அக்காவுக்குக் கழுத்து நெறிக்கட்டியில் காசநோய் வந்தது. மாத்திரை தொடங்கிச் சில வாரத்தில் கட்டி சிறுத்திருக்க வேண்டும், மாறாக வீங்கி, சிவந்து, பக்கத்தில் இன்னொன்றும் எழும்பியது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்து என்று வந்தவர் போனவர் எல்லாம் சொன்னார்கள். அவள் கண்ணாடி முன் துப்பட்டாவைக் கழுத்தில் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு அழுததை இன்றும் என்னால் சாதாரணமாக நினைக்க முடியவில்லை. மருத்துவர் சோதித்துவிட்டு, கிருமி செத்துக்கொண்டிருக்கிறது, அதன் சிதறலைப் பார்த்து இவளுடைய டி செல்கள்தான் கொதிக்கின்றன என்றார். மாத்திரையை நிறுத்தவில்லை. ஆறு மாதம் முடித்தாள், கட்டி வற்றியது.

காசநோயில் எப்போதுமே இந்த இரண்டு முகமும் உண்டு. அந்தக் கிருமி மேக்ரோஃபேஜுக்குள்ளேயே குடியிருக்கும். சிடி4 என்ற வகை டி செல், இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்து உசுப்பினால்தான் மேக்ரோஃபேஜ் அதை அடக்கும். எச்ஐவி அந்த சிடி4 செல்களை அழிப்பதால்தான் அடங்கிக் கிடந்த காசநோய் எழுகிறது. அதே நோயாளிக்கு எச்ஐவி மருந்து கொடுத்து டி செல்கள் திரும்பி வரும்போது சிலருக்குக் காசநோய் திடீரென்று மோசமாகிறது, கிருமி கூடாமலே! அடக்குவதும் டி செல், வதைப்பதும் டி செல். ஆகவேதான் அவற்றை நிறுத்திவைக்கவும் தனி டி செல்கள் இருக்கின்றன. 1995-ல் சகாகுச்சி என்ற ஜப்பானிய விஞ்ஞானி அவற்றை அடையாளம் காட்டினார், 2025-ல்தான் நோபல் பரிசு வந்தது. வேலை முடிந்ததும் பெருகியவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தாமாகவே செத்துப்போகும். மிஞ்சுவது நினைவுக்கான சில செல்கள்.

வழி உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, தடுப்பூசி. நிமோனியாவுக்கு அதிகம் காரணமாகும் நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் மேலுறை சர்க்கரையால் ஆனது, டி செல்கள் சாதாரணமாக அதைக் கண்டுகொள்வதில்லை. அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்துச் செலுத்தினால், புரதத்தை அடையாளம் கண்ட டி செல், ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்லுக்குத் துணை நின்று நல்ல ஆன்டிபாடியும் நினைவும் உண்டாக்கித் தருகிறது. உங்கள் வயதுக்கும் உடல்நிலைக்கும் அது தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். புட்டியில் வரும் எதிர்ப்பு சக்தி மாத்திரையை வாங்கி வைத்திருந்தால் தூக்கி எறியுங்கள். ஆன்டிபயாட்டிக் மாத்திரை பாக்கி இருந்தால், மருத்துவர் சொன்ன நாள்வரை விடாமல் சாப்பிடுங்கள், காய்ச்சல் போய்விட்டதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அன்புடன்