விசா, காப்பீடு, பிட்சர்: பேஸ்பால் கணிப்பில் அரசியலை எங்கே சேர்ப்பது?

கேள்வி: நாடுகள் மோதும் உலக பேஸ்பால் கிளாசிக் போட்டி வந்தால் எங்கள் அலுவலகத்தில் கணிப்பு அட்டவணை ஒன்றை நிரப்பச் சொல்வார்கள். நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். பேஸ்பால் விதிகள் ஓரளவு தெரியும். கியூபா, வெனிசுவேலா, தைவான் போன்ற அணிகளிடம்தான் குழம்பிவிடுகிறேன். செய்தியைப் படித்துவிட்டு ஒரு தடவை ‘வெறியோடு ஆடுவார்கள்’ என்று போட்டேன், இன்னொரு தடவை ‘நெருக்கடியில் நொறுங்கிவிடுவார்கள்’ என்று போட்டேன். இரண்டுமே தப்பாகிவிட்டது. அரசியலைக் கணக்கில் எடுப்பதா, விட்டுவிடுவதா?

பதில்: கட்டாயம் எடுங்கள். ஆனால் அதை மைதானத்தில் தேடாதீர்கள், ஆட்டக்காரர் பட்டியலில் தேடுங்கள். யாருக்கு விசா கிடைத்தது, யாரைச் சொந்த நாட்டுச் சங்கம் அழைத்தது, யாருக்குக் காப்பீடு கிடைக்கவில்லை என்பதில்தான் அரசியலும் பணமும் ஆட்டத்தை மாற்றுகின்றன. வெறி, வைராக்கியம் எல்லாம் பார்க்க நன்றாக இருக்கும், கணிப்புக்கு உதவாது.

2006-இல் நடந்த முதல் கிளாசிக்கில் தென் கொரியா ஜப்பானை அடுத்தடுத்து இரண்டு முறை வீழ்த்தியது. இரண்டாவது வெற்றி அனஹெய்மில். ஆட்டம் முடிந்ததும் கொரிய வீரர்கள் தங்கள் கொடியைப் பிட்சர் (பந்து வீசுபவர்) நிற்கும் மேட்டிலேயே நட்டார்கள். ஜப்பானின் காலனி ஆட்சிக் காலத்துக் கணக்கெல்லாம் அந்தக் கொடியில் இருந்தது. சில நாளில் அரை இறுதியில் அதே இரண்டு அணிகள் மோதின. ஜப்பான் 6-0 என்று வென்று, கோப்பையையும் எடுத்துக்கொண்டு போனது.

இப்போது கியூபாவுக்கு வருவோம். உங்கள் கேள்விக்கு முக்கால் விடை அங்கேதான் இருக்கிறது.

அதே 2006 போட்டிக்குக் கியூபா வருவதற்கு அமெரிக்க நிதித்துறை முதலில் அனுமதி மறுத்தது. பொருளாதாரத் தடை இருக்கும்போது அந்த அரசுக்குப் பணம் போகக் கூடாது என்பது காரணம். சர்வதேச பேஸ்பால் சம்மேளனம் எதிர்ப்புத் தெரிவித்தது. கிடைக்கும் பணத்தைக் கத்ரீனா புயலில் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்துவிடுகிறோம் என்று கியூபா அறிவித்தது. ஜனவரியில்தான் அனுமதி வந்தது. இப்படி இழுபறியில் வந்த அணி, அமெரிக்காவின் உச்ச தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கின் ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் இறுதி ஆட்டம் வரை போனது. ஜப்பானிடம் 10-6 என்று தோற்றது. அரசியல் அவ்வளவு மோசமாக இருந்தும் எப்படிப் போனார்கள்? அணி சிதறாமல் இருந்தது, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் சிதறியது. பிட்சர் ஆரோல்டிஸ் சாப்மன் 2009-இல் நாட்டை விட்டு வெளியேறினார். 2006 அணியில் இளம் வீரராக ஆடிய யூலி குரியெல் 2016-இல் போனார், மறு ஆண்டே ஹூஸ்டன் அணியோடு மேஜர் லீக்கின் இறுதிக் கோப்பையான உலகத் தொடரை வென்றார். ஆட்டக்காரர்கள் தப்பி ஓடாமல் முறையாக ஒப்பந்தம் செய்ய வழி வகுத்து மேஜர் லீக்கும் கியூபச் சங்கமும் 2018 டிசம்பரில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. 2019 ஏப்ரலில் டிரம்ப் அரசு அதை ரத்து செய்தது. 2021-இல் மெக்சிகோவில் நடந்த 23 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்குப் போன கியூப அணியில் பாதிப் பேர் ஊர் திரும்பவில்லை. ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற நாடு, டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதியே பெறவில்லை.

2023-இல் கொஞ்சம் கதவு திறந்தது. அமெரிக்க அரசின் அனுமதியோடு யோவான் மொன்காடாவும் லூயிஸ் ராபர்ட்டும் கியூபாவுக்கு ஆடினார்கள். அணி அரை இறுதிக்கு வந்துவிட்டது, அதுவும் மயாமியில், கியூபாவை விட்டு வந்தவர்களின் ஊரில். முதல் மூன்று பேட்டர்களும் பந்து உள்மைதானத்தைத் தாண்டாமலே பேஸுக்குப் போனார்கள், அடுத்தவருக்கு வாக் (தவறான பந்துகளால் அடிக்காமலே கிடைக்கும் பேஸ்) கிடைத்ததில் ஒரு ரன். ஒரு நிமிஷம் கதை மாறும் போலத்தான் இருந்தது. அப்புறம் அமெரிக்கா அடித்த அடியில் 14-2. அன்று போராட்டக்காரர்கள் மூன்று முறை மைதானத்துக்குள் ஓடிவந்தார்கள். மறுநாள் பேசியவர்கள் பலரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். நான் அதைக் காரணமாகச் சொல்ல மாட்டேன். வந்த இருவரும் பேட்டர்கள். சாப்மன் போன்ற பிட்சர்கள் பட்டியலில் இல்லை. அரை இறுதியில் அமெரிக்க பேட்டிங் வரிசையை ஒன்பது இன்னிங்ஸ் தாங்கப் பந்துவீச்சு வேண்டும்.

வெனிசுவேலா வேறு மாதிரி. கராகஸுக்கும் வாஷிங்டனுக்கும் பகை எவ்வளவு முற்றினாலும், அவர்களுடைய நட்சத்திரங்கள் ஏற்கெனவே அமெரிக்காவில் மேஜர் லீக்கில் ஆடுபவர்கள். தேசிய அணியில் சேர அவர்களுக்குத் தடை இல்லை. 2023-இல் முதல் சுற்றில் நான்குக்கு நான்கு வென்றார்கள். கால் இறுதியில் அமெரிக்காவிடம் தோற்றது ட்ரே டர்னர் எட்டாவது இன்னிங்ஸில் அடித்த கிராண்ட் ஸ்லாமால், அதாவது ஒரே அடியில் நான்கு ரன் தரும் ஹோம் ரன்னால். அதே ஆட்டத்தில் வெனிசுவேலா நட்சத்திரம் ஹோசே அல்டூவேயின் கட்டைவிரல் பந்து பட்டு உடைந்தது. அரசியலின் அடி அங்கே சின்னப் பிள்ளைகள் மேல் விழுகிறது: 2025 ஜூலையில் மரகைபோ நகரச் சிறுவர் அணி ஒன்றுக்கு விசா மறுக்கப்பட்டு, தென் கரோலினாவில் நடந்த போட்டியில் ஆடவே முடியாமல் போனது.

அந்தக் கட்டைவிரல்தான் காப்பீட்டுக் கதை. பெரிய ஒப்பந்தம் உள்ளவருக்குக் காயத்துக்கான காப்பீடு கிடைக்காவிட்டால் அவரை ஆட கிளப் விடாது. அமெரிக்கப் பிட்சர் கிளேட்டன் கெர்ஷா 2023-இல் ஆட முடியாமல் போனது அதனால்தான். பெரும்பாலான அணிகளுக்கு விசாவைவிட இதுதான் பெரிய தலைவலி.

தைவானைப் பற்றி ஆளுக்கு ஆள் தப்பாகக் கணிக்கிறார்கள். சீனாவின் நெருக்குதல் அவர்களிடமிருந்து பெயரையும் கொடியையும் எடுத்துக்கொண்டது, ‘சீன தைபே’ என்றுதான் ஆட வேண்டும். ஆனால் ஓர் ஆட்டக்காரரைக்கூட எடுக்கவில்லை. 2024 நவம்பரில் டோக்கியோவில் பிரீமியர் 12 என்ற இன்னொரு நாடுகள் போட்டியின் இறுதியில் ஜப்பானை 4-0 என்று வென்றார்கள். அணித் தலைவர் சென் சியே-சியென் மூன்று ரன் ஹோம் ரன் அடித்துவிட்டு, ஓடும்போதே இரு கைகளாலும் சட்டையின் எழுத்தில்லாத மார்புப் பகுதியில் ஒரு கட்டம் போட்டுக் காட்டினார். நாட்டின் பெயர் இருக்க வேண்டிய இடம் அது. படம் உலகம் முழுக்கப் போனது. கணிப்புக்கு உதவுவது அதற்கு முந்தைய நாள்: இறுதிக்கு வந்தது உறுதியானதும், அன்று வீச வேண்டிய பிட்சர் லின் யூ-மின்னைக் கடைசி நேரத்தில் மாற்றி, அதற்கு அபராதமும் கட்டி, மறுநாளுக்கு வைத்துக்கொண்டார்கள். இறுதியில் அவர் நான்கு இன்னிங்ஸ் ரன்னே கொடுக்கவில்லை. பகை ஆட்டம் என்று பார்த்தால், 2009 கிளாசிக்கில் சீனா தைவானை 4-1 என்று வென்றது. பேஸ்பாலில் ஒற்றை ஆட்டம் எப்படியும் புரளும்.

சரி, அட்டவணையை எப்படி நிரப்புவது? இறுதிப் பட்டியல் வரும்வரை பேனாவை எடுக்காதீர்கள், போட்டிக்கு ஒரு மாதம் முன்னால் வந்துவிடும். 2023 விதிப்படி ஓர் அணியில் 30 பேர், அதில் குறைந்தது 14 பிட்சர்கள். முதல் சுற்றில் ஒரு பிட்சர் 65 பந்துக்கு மேல் வீச முடியாது. 50 வீசிவிட்டால் நான்கு நாள் ஓய்வு. எனவே மேஜர் லீக்கிலோ ஜப்பான் லீக்கிலோ வீசும் பிட்சர்கள் எத்தனை என்று எண்ணுங்கள். நான்கு பேருக்குக் குறைவாக இருந்தால், பேட்டிங் எப்படி இருந்தாலும் அரை இறுதிக்கு மேல் நான் போட மாட்டேன். கியூபாவுக்கு மட்டும் இன்னொரு வேலை: பட்டியல் வந்த பிறகும் விசாச் செய்தியைப் பாருங்கள். கிடைத்தால் கால் இறுதி வரை போடுங்கள். வெளிநாட்டில் ஆடும் பிட்சர்களும் வந்தால் ஒரு படி கூட்டுங்கள்.