சாமி கும்பிடும்போது குக்கர் விசில் எண்ணுகிறேன்

மேடத்துக்கு வணக்கம்.

நான் தருமபுரியில் இருக்கிறேன், வயது 42. ஒரு தனியார் பள்ளி ஆபீஸில் கணக்கு வேலை. வீட்டுக்காரருக்கு பெங்களூரில் வேலை, சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கள் விடியற்காலை பஸ் ஏறிவிடுவார். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பெரிய குறை என்று எதுவும் இல்லை, அதனாலேயே இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை.

தினமும் 5 மணிக்கு எழுந்து குளித்து, விளக்கேற்றி, கவசம் முழுக்கச் சொல்லுவேன். அப்புறம் செல்போனில் ஒரு ஆப் போட்டுக்கொண்டு 20 நிமிடம் தியானம். தேய்பிறை அஷ்டமி வந்தால் அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குப் போய்ப் பூசணியில் விளக்குப் போடுவதும் தவறாது. பார்ப்பவர்கள் எனக்குப் பக்தி ஜாஸ்தி என்கிறார்கள். எனக்குத்தான் தெரியும் லட்சணம். விளக்கேற்றும்போதே அடுப்பில் பருப்பு வைத்துவிடுவேன். வாய் தன்பாட்டுக்கு ஓடும், காது குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருக்கும். மூன்றாவது விசிலுக்கு எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்தால் எந்த வரியில் விட்டேன் என்று எனக்கு ஞாபகம் இருக்காது, ஆனால் வாய்க்கு இருக்கும், அது சரியாக அடுத்த வரியைப் பிடித்துக்கொள்ளும். தியானத்தில் கண்ணை மூடினால் டயாலிசிஸ் குழாயோடு அப்பா முகம் வருகிறது. உடனே கண்ணைத் திறந்து இன்னும் எத்தனை நிமிடம் பாக்கி என்று பார்ப்பேன். ஆப்பில் இன்றைக்கு 611-வது நாள் என்று காட்டுகிறது, ஒரு நாள் கூட விடவில்லை. "அம்மா, நீ சாமி கும்பிட்டு எழுந்தாலே கத்துற" என்கிறாள் மகள்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மாந்தோப்பு, எல்லாம் பெங்களூரா மரம். இரண்டு வருஷத்துக்கு முன் தை மாதம், மா பூத்திருந்த நேரம், அவருக்குக் கிட்னி ரொம்ப மோசமாகி சேலத்தில் சேர்த்தோம். நான் ஒரு மண்டலம், 48 நாள், விடாமல் கவசம் சொல்வதாக வேண்டிக்கொண்டேன். 31-வது நாள் அவர் போய்விட்டார். (30-வது நாள் சேலம் பஸ்ஸில் பாதி சொல்லும்போதே தூங்கிவிட்டேன்.) அப்புறமும் நிறுத்தாமல் 48 நாளையும் முடித்தேன். அதற்குப் பிறகும் இன்றுவரை நிறுத்தவில்லை. நிறுத்தினால் வீட்டுக்காரருக்கோ பிள்ளைக்கோ ஏதாவது ஆகிவிடுமோ என்று இருக்கிறது.

அப்பா ஒரு மந்திரமும் சொல்ல மாட்டார். சின்ன வயதில் என்னைத் தீர்த்தமலைக்குக் கூட்டிப்போவார். மேலே ஏறி ராம தீர்த்தத்தில் தலையைக் காட்டிவிட்டு, "சரிப்பா, வந்துட்டேன்" என்பார். அவ்வளவுதான் அவர் சாமி கும்பிட்டது. எனக்கு அது கூட வரவில்லை. பழையபடி மனசு ஒன்றிக் கும்பிட என்ன செய்வது மேடம்?

இப்படிக்கு,
தருமபுரி வாசகி

பதில்:

வணக்கம்மா.

முதலில் விசிலைப் பார்த்துவிடலாம், அது சுலபம். மனசு அலைவதை உங்களுடைய குற்றமாக நினைக்காதீர்கள். 2010-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 2,250 பேரிடம் அவர்கள் செல்போன் வழியாக, நாளில் பல தடவை, இந்த நிமிடம் என்ன செய்கிறீர்கள், மனசு எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட 47 சதவீத நேரம் கை ஒரு வேலையில், மனசு வேறெங்கோ. அப்புறம், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் பொருள் கழன்று வெறும் ஒலி மட்டும் நிற்கும். இதற்கு உளவியலில் 1962-லேயே பெயர் வைத்துவிட்டார்கள். சந்தேகமாக இருந்தால் "தோசை, தோசை" என்று ஐம்பது தடவை சொல்லிப் பாருங்கள், கடைசியில் அது ஏதோ ஊர் தெரியாத பாஷை மாதிரி இருக்கும். நீங்கள் வருஷக்கணக்கில் சொல்லும் கவசம் வாயோடு ஒட்டிப்போனதில் என்ன ஆச்சரியம்? முழுதும் சொல்லியாக வேண்டும் என்பதைக் கொஞ்ச நாள் தள்ளி வைத்துவிட்டு, நாலு வரி எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லும் காதில் விழுகிற வேகத்தில் சொல்லுங்கள். பருப்பை அதற்கு முன்போ பின்போ வையுங்கள், கூடவே வேண்டாம்.

அந்த ஆப்பையும் எடுத்துவிடுங்கள். எனக்கு இந்த நாள் எண்ணுகிற சமாச்சாரமே பிடிக்காது, அதனால் கொஞ்சம் கூடுதலாகவே சொல்கிறேனோ என்னவோ. 1973-ல், படம் வரைவதில் தானாகவே ஆசையுள்ள சின்னப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வரைந்தால் பரிசு உண்டு என்று சிலரிடம் முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிடும்போது அந்தப் பிள்ளைகள் வரைவதில் செலவிட்ட நேரம் ஏறக்குறைய பாதிதான். 611 என்கிற எண்ணும் அந்தப் பரிசு மாதிரிதான். உட்கார்ந்து எழுந்ததும் மனசு அதைத்தான் போய்ப் பார்க்கிறது.

ஆனால் உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், மூன்று தடவையும் என் கண் நின்றது வேறு இடத்தில். விசிலைப் பற்றி அத்தனை வரி எழுதினீர்கள். சேலம் பஸ்ஸில் பாதியில் தூங்கிப்போனதை மட்டும் ஒரே வரியில், அதுவும் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். 30-வது நாள் நான் தூங்கினேன், 31-வது நாள் அப்பா போய்விட்டார் என்று இந்த இரண்டு வருஷமாக உங்களுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, இல்லையா? கணக்கு வேலை பார்ப்பவர் வேறு நீங்கள், தவறு எந்த வரியில் என்று தேடாமல் இருக்க மாட்டீர்கள். தப்பாக ஊகிக்கிறேன் என்றால் மன்னியுங்கள்.

துக்கத்தில் இருக்கும் நிறையப் பேர் இப்படி ஒரு கணக்குப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு போனை எடுத்திருந்தால், அந்த மாத்திரையைக் கொடுத்திருந்தால், ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பியிருந்தால் என்று ஏதோ ஒன்று. காரணமே இல்லாமல் போய்விட்டார் என்பதை விட, என்னால் போய்விட்டார் என்பது சில சமயம் மனசுக்குத் தாங்கக்கூடியதாக இருக்கிறது, ஏனென்றால் என்னால்தான் என்றால் இனிமேல் நான் ஜாக்கிரதையாக இருந்து மற்றவர்களைக் காப்பாற்றிவிடலாம் பாருங்கள். நீங்கள் செய்வதும் அதுதான். அப்பாவுக்காக ஆரம்பித்த வேண்டுதல், இப்போது வீட்டுக்காரருக்கும் பிள்ளைக்கும் தினமும் கட்டுகிற இன்ஷூரன்ஸ் பிரீமியம் ஆகிவிட்டது. பிரீமியம் கட்டும்போது யாருக்கு மனசு ஒன்றும்? கட்டி முடித்ததும் கத்தத்தான் தோன்றும், உங்கள் மகள் சரியாகத்தான் கவனித்திருக்கிறாள்.

உங்கள் அப்பாவைக் கொண்டுபோனது கிட்னி. ராத்திரி பகல் அலைந்த உடம்பு பஸ்ஸில் கண்ணயர்ந்ததற்காக ஒரு சாமி ஒருவரை எடுத்துக்கொள்ளும் என்று நீங்கள் உண்மையிலேயே நம்புகிறீர்களா? நம்பினால், அப்படிப்பட்ட சாமி மேல் உங்களுக்குக் கோபம் இருக்க வேண்டுமே. நம்பவில்லை என்றாலும், 31 நாள் கேட்டும் கொடுக்கவில்லையே என்கிற கோபம் இருக்கும். கடிதத்தில் கோபத்தைக் காணோம். விளக்கு முன்னால் உட்கார்ந்தும் அதை நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். நெஞ்சில் இருப்பது ஒன்று, வாய் சொல்வது வேறு என்றால் கும்பிடுவது வறண்டுதான் போகும்.

சாமியைத் திட்டலாமா என்றால், நம் ஊரில் அதற்குப் பெரிய ஆட்களே முன்னால் நிற்கிறார்கள். சுந்தரர், தன் கல்யாணத்தைத் தடுக்க வந்த கிழவர் சிவன் என்று தெரியாமல் பித்தன் என்று ஏசினார், வன்தொண்டர் என்று பெயரே வாங்கினார். பின்னால் கண்பார்வை போனபோதோ தெரிந்தே, திருவாரூரில் சிவனிடம் நேருக்கு நேர் சண்டை போட்டார். அவரை நாயன்மார் 63 பேரில் ஒருவராகத்தான் வைத்திருக்கிறோம், யாரும் வெளியே தள்ளவில்லை.

ஆகவே ஒரு வாரம் கவசத்துக்குப் பதிலாகப் பேசுங்கள். உங்கள் வீட்டுப் பேச்சில், சத்தமாகவோ முணுமுணுப்பாகவோ, ஏன் அவரை எடுத்தே என்று கேளுங்கள். அழுகை வந்தால் வரட்டும். தியானத்தை 5 நிமிடத்துக்குக் குறைத்துக்கொள்ளுங்கள், கண்ணை மூட வேண்டாம், பாதி திறந்து விளக்குச் சுடரைப் பாருங்கள். துக்கம் ஆறாதவர்களுக்குக் கண்ணை மூடி நீண்ட நேரம் உட்காருவது சில சமயம் தண்டனை மாதிரி ஆகிவிடும், இதை அந்த ஆப்கள் சொல்வதில்லை. அப்பா முகம் குழாயோடு வந்தால் துரத்தாதீர்கள், அதே முகத்தைத் தீர்த்தமலையில் நனைந்த தலையோடும் ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது கொஞ்சம் கஷ்டம். ஒரு நாளை நீங்களே தேர்ந்தெடுத்து, வேண்டுமென்றே எதுவும் செய்யாமல் விடுங்கள். விளக்கு, கவசம், தியானம் எதுவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும், வீட்டுக்காரர் வீட்டில் இருப்பார், காரணத்தை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காலையில் பயம் ஏறும், வயிற்றைப் பிசையும், அவர் கடைக்குப் போனால் கூட நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதைத் தணிக்க ரகசியமாக ஒரு வரி கூடச் சொல்லாதீர்கள், மறுநாள் சேர்த்து இரண்டு தடவை சொல்லி ஈடுகட்டவும் கூடாது. ஏறின பயம் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே இறங்கும், அப்படி இறங்குவதை நீங்கள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அதற்காகத்தான் இது. அப்புறம் மறுபடி கும்பிட உட்காருவதா வேண்டாமா என்பதைப் பயம் முடிவு செய்யாது.

இந்த ஒரு நாளை விடவே முடியவில்லை என்றால், அல்லது பூட்டை இழுத்துப் பார்ப்பது, எண்ணிக்கொண்டே ஒரு காரியத்தைச் செய்வது என்று வேறு இடங்களிலும் இதே பயம் இருந்தால், அது பக்திப் பிரச்னை இல்லை, ஒரே பயமும் அதைத் தணிக்கிற செயலும் திரும்பத் திரும்ப வருகிற எண்ணச் சுழற்சி நோயாக (ஓ.சி.டி.) இருக்கலாம். சிகிச்சை உண்டு, நன்றாகவே குணம் தெரியும். எதிலும் ஆசை இல்லை, தூக்கம் பசி இரண்டும் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது என்றாலும் தள்ளிப்போட வேண்டாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் காட்டுங்கள். போவதற்குத் தயக்கம் என்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள், 2022 அக்டோபரில் ஆரம்பித்த டெலி மானஸ் சேவை, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

பள்ளி லீவில் மகளைக் கூட்டிக்கொண்டு தீர்த்தமலைக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். வேண்டுதல் எதுவும் வைக்காதீர்கள். தாத்தா அங்கே என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியுமா? தெரியாது என்றால் அங்கேயே நின்று சொல்லுங்கள்.

விளக்கேற்றாத அந்த ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போனது என்று எனக்கு எழுதுங்கள், அன்று முழுக்க என்னைத் திட்டிக்கொண்டிருந்தீர்கள் என்றாலும் சரி.