பெட்டியில் அச்சிட்ட 1000 வோல்ட்டை நம்பலாமா?

கேள்வி: சின்னச் சின்ன எலக்ட்ரானிக்ஸ் சர்க்யூட்டுகள் செய்து பார்ப்பது என் பொழுதுபோக்கு. அதோடு வீட்டுப் பிளக் பாயின்ட், யூ.பி.எஸ். ஆகியவற்றையும் சோதிக்க ஒரு மல்டிமீட்டர் வேண்டும். மிக மலிவான ஒன்று ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதிலும், அதைப்போல் எட்டு மடங்கு விலையுள்ள மீட்டரிலும் 'கேட் 3 (CAT III), 1000 வோல்ட்' என்றே போட்டிருக்கிறது. விற்பவரோ, "உள்ளே எல்லாம் ஒரே சிப்தான், கவுன்ட் அதிகம் உள்ளதாகப் பார்த்து எடுங்கள்" என்கிறார். எதைப் பார்த்து வாங்குவது? பழையதைத் தூக்கிப் போட்டுவிடவா?

பதில்: சிப் ஒன்றாகவே இருக்கலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை. உங்கள் தேவைக்கு வேண்டிய அளவுகளில் பெரும்பாலானவற்றை இன்று மிக மலிவான மீட்டரும் சரியாகவே காட்டிவிடும். நீங்கள் கவனக்குறைவாக ஒரு தப்பு செய்யும்போது உங்கள் கைக்கும் மின்சாரத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதில்தான் விலை வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. அது டிஸ்ப்ளேயில் தெரியாது. விற்பவர் கவுன்டைப் பற்றியே பேசுவதும் அதனால்தான்.

அந்தக் கவுன்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். புள்ளியை விட்டுவிட்டுப் பார்த்தால், டிஸ்ப்ளே எவ்வளவு பெரிய எண் வரை காட்டும் என்பதுதான் கவுன்ட். 2000 கவுன்ட் மீட்டர் ஒரு பேட்டரியில் 12.60 என்று காட்டும். 6000 கவுன்ட் மீட்டரும் அதே 12.60தான் காட்டும். 5 வோல்ட் சர்க்யூட்டில் மட்டும் பின்னது ஓர் இலக்கம் கூடுதலாகத் தரும். ஆனால் மீட்டரின் பிழை அரை சதவீதம் என்றால், 5 வோல்ட்டில் அது 0.025 வோல்ட். கூடுதலாகக் கிடைத்த கடைசி இலக்கம் அழகுக்குத்தான். இதற்காகக் காசைக் கொட்ட வேண்டாம்.

இனி 'கேட்'. மின்சாரம் நுழையும் இடத்துக்கு எவ்வளவு அருகில் ஒரு மீட்டரைப் பயன்படுத்தலாம் என்பதைச் சொல்லும் வகைப்பாடு இது. பிளக்கில் செருகும் சாதனங்களுக்கு கேட் 2. சுவருக்குள் ஓடும் வயரிங், ஃபியூஸ் பெட்டி, பிரேக்கர் பெட்டி ஆகியவற்றுக்கு கேட் 3. வெளியிலிருந்து லைன் வந்து சேரும் இடத்துக்கு கேட் 4. பக்கத்தில் இருக்கும் வோல்ட் எண் சாதாரண நேரத்துக்கானது. மின்னலாலோ பெரிய மோட்டார் நிற்பதாலோ கண் இமைக்கும் நேரம் வந்து போகும் வோல்ட் எழுச்சியையும் மீட்டர் தாங்கியாக வேண்டும். கேட் 3, 600 வோல்ட் என்றால் 6000 வோல்ட் எழுச்சி. கேட் 3, 1000 வோல்ட் என்றால் 8000. உங்கள் கையில் உள்ள லேசான பிளாஸ்டிக் பெட்டி 8000 வோல்ட்டைத் தாங்கும் என்று அதைச் செய்தவரே நம்பமாட்டார்.

பின் எப்படி அச்சிடுகிறார்கள்? மை இருக்கிறது, அச்சிடுகிறார்கள். ஐ.ஈ.சி. 61010 என்று ஒரு நல்ல தரவிதி இருக்கிறது. அதன்படி சோதித்துவிட்டுத்தான் 'கேட் 3' என்று போட்டார்களா என்று விற்பனைக்கு முன் கேட்க ஆள் இல்லை. மேலே ஒட்டியிருக்கும் சி.ஈ. என்ற ஐரோப்பியத் தர முத்திரையும், பெரும்பாலும், தயாரிப்பவர் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் வாக்குமூலம். 2014இல் எலக்ட்ரானிக்ஸ் பொருள் விற்கும் ஸ்பார்க்ஃபன் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு வந்த சுமார் 2000 மல்டிமீட்டர்களை அமெரிக்கச் சுங்கத்துறை நிறுத்திவைத்தது. காரணம் என்ன தெரியுமா? மஞ்சள் விளிம்பும் கறுத்த முகப்புமாக, பிரபல மீட்டர் நிறுவனமான ஃப்ளூக் பதிவு செய்து வைத்திருக்கும் தோற்றத்தைப்போல் இருந்ததாம். நிறத்தைக் காப்பாற்ற ஆள் இருக்கிறது. உள்ளே 250 வோல்ட் ஃபியூஸ், வெளியே 1000 வோல்ட் எழுத்து என்று வருகிற மீட்டர்கள் எல்லாச் சந்தைகளிலும் தாராளமாக உலவுகின்றன.

ஆகவே நீங்களே பாருங்கள். புரோப்களை, அதாவது தொட்டு அளக்கும் முனையுள்ள வயர்களைக் கழற்றிவிட்டு, பின் மூடியைத் திறந்து ஃபியூஸைத் தேடுங்கள். விரல் நுனி அளவே உள்ள சின்னக் கண்ணாடிக் குழாயும் அதன் முனையில் 250 வோல்ட் என்ற எழுத்தும் இருந்தால், வெளியே எழுதியிருக்கும் 1000 வோல்ட்டை அங்கேயே மறந்துவிடலாம். பெரிய ஷார்ட் சர்க்யூட் ஆகும்போது கண்ணாடி ஃபியூஸின் உள்கம்பி உருகினாலும் மின்சாரம் அறுபடாமல் தீப்பொறியாகப் பாய்ந்துகொண்டே இருக்கலாம், குழாயே வெடிக்கலாம். மணல் நிரப்பிய பீங்கான் ஃபியூஸ் அந்தப் பொறியை அணைத்து, ஆயிரக்கணக்கான ஆம்பியரையும் துண்டிக்கும். நல்ல மீட்டரில் பெட்டியில் சொன்ன வோல்ட் அளவே ஃபியூஸிலும் இருக்கும். வாங்கும் முன் திறக்க விடமாட்டார்கள் என்றால், திறந்து காட்டும் படங்களைத் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். யூ.எல்., டி.யூ.வி., சி.எஸ்.ஏ. போன்ற மூன்றாவது ஆளின் சோதனை முத்திரை இருந்தால் நல்லது. அதையும் போலியாக அச்சிடலாம் என்பதால், அந்த மாடல் அவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பொய்யான 1000 வோல்ட்டைவிட நேர்மையான 'கேட் 3, 600 வோல்ட்' உங்கள் வீட்டுக்கு எவ்வளவோ மேல்.

மீட்டர் நன்றாக இருந்து புரோப் மட்டமாக இருப்பதும் உண்டு. உண்மையில் உங்கள் கை பிடித்திருப்பது புரோப்பைத்தான். விரல் வழுக்காமல் தடுக்கும் விளிம்பு, செருகும் முனையைச் சுற்றி முழு உறை, புரோப்பின் மேலேயே கேட் குறி, இவை இல்லாவிட்டால் புரோப்பை மட்டுமாவது மாற்றுங்கள்.

'ட்ரூ ஆர்.எம்.எஸ்.' என்று சொல்லி இன்னொரு விலையேற்றம் செய்வார்கள். மின் அலை எந்த வடிவத்தில் இருந்தாலும் அதன் உண்மையான வோல்ட்டைக் காட்டும் வசதி அது. வீட்டு மின்சாரம் வளைவாக ஏறி இறங்கும் ஒழுங்கான சைன் அலை. அதை அளக்கச் சாதாரண மீட்டரே போதும். சரி, ஆனால் நீங்கள் யூ.பி.எஸ். என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சாதாரண மீட்டர் அலையின் சராசரியை எடுத்து 1.11 ஆல் பெருக்கிக் காட்டுகிறது. இந்தப் பெருக்கல் சைன் அலைக்கு மட்டுமே பொருந்தும். விலை குறைந்த யூ.பி.எஸ்.கள் பேட்டரியில் ஓடும்போது, மேலே ஒரு கட்டை, நடுவில் இடைவெளி, கீழே ஒரு கட்டை என்று படிக்கட்டு அலையைத் தருகின்றன. உண்மையில் 230 வோல்ட் வந்துகொண்டிருக்க, சாதாரண மீட்டர் அதை 180 என்று காட்டக்கூடும். இடைவெளியே இல்லாத முழுச் சதுர அலை என்றால் 11 சதவீதம் கூட்டிக் காட்டும். இது தெரியாமல் எத்தனை பேர் ஏமாந்திருக்கிறார்கள்! பழுது பார்க்க வருபவர் மீட்டரை வைத்து 180ஐக் காட்டி, "போர்டு போயிடுச்சு" என்பார். எண் கண் முன்னால் இருக்கிறது, எப்படி மறுப்பது? நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் போர்டைக் கழற்றிவிட்டு, அதையே வேறொருவர் தலையில் கட்டுவதும் நடக்கிறது. அவருக்கே விஷயம் தெரியாமலும் இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. காசு போவது என்னவோ உங்களுடையது. ஆகவே உங்களுடையது சைன் வேவ் யூ.பி.எஸ். என்றால் இந்த அம்சத்தை விட்டுவிடுங்கள். இல்லையென்றால் ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டருக்குக் கொடுக்கும் கூடுதல் காசு ஒரு போர்டின் விலையில் திரும்பிவிடும். மங்கலாக்கும் டிம்மர் ஸ்விட்சுக்குப் பின்னால் அளப்பதற்கும் இதே கதைதான்.

மற்றவற்றுக்கு அவ்வளவு யோசனை வேண்டாம். அளவு வரம்பை மீட்டரே தேர்ந்துகொள்ளும் ஆட்டோ ரேஞ்ச் சௌகரியம். இரு முனைகளுக்கு நடுவே இணைப்பு இருக்கிறதா என்று ஒலித்துச் சொல்லும் கன்டினியூட்டி பஸ்ஸர் தொட்டவுடன் ஒலிக்க வேண்டும். தயங்கித் தயங்கி ஒலித்தால் சர்க்யூட் வேலையில் எரிச்சல்தான் மிஞ்சும். டயோடு சோதனையில் வெள்ளை எல்.ஈ.டி. எரிகிறதா பாருங்கள், அதற்கு 3 வோல்ட் அளவு வேண்டும், பல மீட்டர்கள் அவ்வளவு தருவதில்லை. வயரைத் தொடாமலே மின்சாரம் இருக்கிறதா என்று சொல்லும் வசதியை நம்பி மட்டும் எந்த வயரிலும் கை வைக்காதீர்கள்.

எவ்வளவு நல்ல மீட்டரையும் கெடுக்கும் தப்பு ஒன்று உண்டு. 10 ஆம்பியர் துளையில் சிவப்பு வயரைச் செருகி கரண்ட் பார்த்திருப்பீர்கள். அதை மாற்ற மறந்து அப்படியே பிளக் பாயின்ட்டில் வைத்தால், மீட்டர் வெறும் கம்பியாகி நேராக ஷார்ட் ஆகும். மலிவான மீட்டர்கள் பலவற்றில் அந்தத் துளைக்கு ஃபியூஸே கிடையாது. அதை ஒளித்தும் வைப்பதில்லை, துளைக்குப் பக்கத்திலேயே 'அன்ஃபியூஸ்டு' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

உங்கள் பழைய மீட்டரைத் தூக்கிப் போட வேண்டாம். பேட்டரி செல், 5 வோல்ட், 12 வோல்ட் சர்க்யூட் வேலைகளுக்கு அது தாராளமாகப் போதும். உள்ளே இருக்கும் பேட்டரி தீரும் நேரத்தில் இத்தகைய மீட்டர்கள் அளவைக் கூட்டிக் காட்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். யூ.பி.எஸ். பேட்டரியின் வோல்ட்டையும் அதில் பார்க்கலாம், யூ.பி.எஸ்.ஸிலிருந்து வயர்களைப் பிரித்த பிறகு. கரண்ட் பார்க்காதீர்கள், அந்தப் பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். 10 ஆம்பியர் துளையின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, 'வீட்டு லைனுக்கு இல்லை' என்று பின்புறம் எழுதி வைத்துவிடுங்கள், வீட்டில் வேறு யாராவது எடுப்பார்கள்.